அம்பைச் செய்து கொடுத்தவர்

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அருகே சாக்கையில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. முன்பு அதன் பெயர் கெல்டெக். கேரள அரசின் நிறுவனம். இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்கு உலோக உறுப்புகள் செய்து கொடுத்துவந்தது. 2007 இறுதியில் பிரமோஸ் ஏரோஸ்பேஸ் அதை எடுத்துக்கொண்டது. இந்தியாவின் டிஆர்டிஓவும் ரஷ்யாவின் என்பிஓ மஷினோஸ்த்ரோயேனியாவும் 1998 ஒப்பந்தத்தின்படி கூட்டாக நடத்தும் நிறுவனம் பிரமோஸ். இந்தியப் பங்கு 50.5 விழுக்காடு, ரஷ்யப் பங்கு 49.5. அன்று முதல் சாக்கையில் ஒரே மதிலுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, செயற்கைக்கோளை மேலே கொண்டுபோகும் ராக்கெட்டுக்கு. மற்றது, ஒலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் பாய்ந்து இலக்கை அடிக்கும் பிரமோஸ் ஏவுகணைக்கு.

கைமாறிய காலத்தில் மாநிலத்தில் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையில் இடதுசாரி ஆட்சி. தில்லியில் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, கேரளக் காங்கிரஸின் பெரிய தலை. எதிரும் புதிருமான இரண்டு தரப்பும் இந்த ஒன்றில் ஒத்துப்போயின. எதற்கெடுத்தாலும் கொடி பிடிக்கிற மாநிலத்தில், ஏவுகணை செய்து பிழைப்பது சரியா என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. வேலை நிற்குமா, போகுமா என்பதுதான் ஊரின் கவலையாக இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்கப்படாத கேள்வி தானாகத் தீர்ந்துபோவதும் இல்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அதில் எய்தவன் இருக்கிறான், அம்பு இருக்கிறது. அம்பைச் செய்து கொடுத்த ஆளைக் காணோம். படைக்கலத் தொழிலில் இருப்பவர்கள் தம் வேலைக்குச் சொல்லும் சமாதானங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில் நின்றுகொண்டு சொல்லப்படுபவை. அவற்றில் எது தாங்கும், எது தாங்காது என்று பார்ப்பதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் தென்னாட்டில் இல்லை.

தமிழருக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, படித்த பிள்ளையின் வேலை என்றால் இன்றும் பாதி திருவனந்தபுரம்தான். ‘பையன் ஸ்பேஸ்ல இருக்கான்’ என்றால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. பிரமோஸை உருவாக்கி நடத்திய முதல் தலைவர் ஆ. சிவதாணு பிள்ளை நாகர்கோவில்காரர். இஸ்ரோவில் தொடங்கிப் பாதுகாப்புத் துறைக்குப் போனவர். அவருக்கு முன் அதே வழியில் போன ராமேஸ்வரத்துக்காரரை நாடே அறியும்.

அந்த வழி தும்பாவில் தொடங்குகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. மீனவக் கிராமத்தின் மேரி மகதலேனா தேவாலயத்தையும் அதைச் சுற்றிய நிலத்தையும் அறிவியலுக்காக விட்டுக்கொடுக்க ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா இசைந்தார் என்ற கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. 1968 பிப்ரவரியில் இந்திரா காந்தி அந்த ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணித்தார். அமைதிக்கான தளம் என்பது அதன் பொருள். ஆனால் அங்கிருந்து மேலே போன முதல் ராக்கெட்டின் பெயர் நைக்கி-அப்பாச்சி. அதன் கீழடுக்கு, அமெரிக்காவின் நைக்கி விமான எதிர்ப்பு ஏவுகணையிலிருந்து வந்தது. ஆயுதத்தின் பாகம்தான் அறிவியலைத் தூக்கிச் சென்றது. பின்னர் அது தலைகீழானது. அப்துல் கலாம் தலைமையில் தும்பாவில் உருவான எஸ்எல்வி-3, 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. 1982இல் கலாம் ஹைதராபாத் போனார். 1989 மே 22 அன்று சோதிக்கப்பட்ட முதல் அக்னியின் கீழடுக்கு, அதே எஸ்எல்வி-3இன் திட எரிபொருள் மோட்டார்தான்.

ஆகவே ‘நான் ஸ்பேஸ் ஆள், ஆயுதத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்ற முதல் சமாதானம் பாதி உண்மை. 1970களில் தும்பாவில் அந்த மோட்டாருக்கு வடிவம் கொடுத்த இளம் பொறியாளருக்கு, அது ஒருநாள் அக்னியைத் தூக்கும் என்று தெரிந்திருக்க வழியில்லை. தெரியாததற்கு அவரைப் பொறுப்பாக்குவது அநியாயம். ஆனால் 1989க்குப் பிறகு அந்த வாய்ப்பைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1992இல் அமெரிக்கா, ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டைக் காட்டி, இஸ்ரோ மீதும் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் மீதும் தடை போட்டது. அது வல்லரசின் வியாபாரத் தந்திரம் என்று நாம் கோபப்பட்டோம். தடைக்குக் காரணமான கிரையோஜெனிக் இயந்திரம் ஏவுகணைக்கு உதவாது என்பதால் அந்தக் கோபம் பெரும்பாலும் நியாயமே. இருந்தாலும் ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் நடுவில் நாமே ஒரு பாலம் கட்டியிருந்தோம் என்பதும் உண்மை.

இரண்டாவது சமாதானம் எல்லாவற்றிலும் வலுவானது: நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும், யாராவது அதைச் செய்துதான் ஆக வேண்டும். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1962 சீனப் போரில் போதிய துப்பாக்கியும் குளிராடையும் இல்லாமல் மலையில் நின்றவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்த திருக்குறள் படைமாட்சிக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. முதலாவது துறவறவியலில் இருக்கிறது, இரண்டாவது பொருட்பாலில். புறநானூற்றின் 312ஆம் பாடல் தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் கடமைகளைப் பங்கிட்டுத் தருகையில், வேல் வடித்துக் கொடுப்பதைக் கொல்லனின் கடமை என்று வைக்கிறது. அந்த ஊரில் கொல்லன் வேல் அடிப்பது குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை, முறை. மறுபக்கம் புத்தர், இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களைச் சொல்லும்போது ஆயுத வணிகத்தையும் அதில் வைத்தார். இரண்டு மரபும் தமிழ் மண்ணில் பழகியவைதான்.

முழு அகிம்சைவாதியின் நிலை தர்க்கப்படி பிசகில்லாதது. எனக்கு அதில் ஒரு நெருடல் மட்டும் உண்டு. ஆயுதம் தொடாதவரின் வீட்டையும் எல்லையில் நிற்பவரே காக்கிறார். அவருடைய வரியும் துப்பாக்கி வாங்கப் போகிறது. காவலின் பயனை அனுபவித்துக்கொண்டு, கருவி செய்தவரின் கையை மட்டும் அழுக்கு என்று சொல்வது எளிய அறம். அந்தப் பழி பொதுவில் பங்கிடப்பட வேண்டியது. எனவே தன் நாட்டுக் காவலுக்காக, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாற்றப்படவும் கூடிய அரசின் கட்டுப்பாட்டில், படைக்கலம் செய்து சம்பளம் வாங்குவது தன்னளவில் தவறு என்று நான் நினைக்கவில்லை. சிக்கல், அந்த வரையறையின் ஒவ்வொரு சொல்லும் காலப்போக்கில் மாறக்கூடியது என்பதில் இருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு விஞ்ஞானிகளை ஒப்பிட வேண்டும். கணிதர் நார்பர்ட் வீனரிடம், ஏவுகணை வேலையில் இருந்த ஒரு பொறியாளர் அவருடைய போர்க்கால ஆய்வறிக்கையின் பிரதியைக் கேட்டார். வீனர் தர மறுத்தார். 1947 ஜனவரியில் அட்லாண்டிக் மாத இதழில் அந்த மறுப்புக் கடிதம் வெளியானது. நேர்த்தியான செயல்தான். ஆனால் அவர் எம்ஐடி பேராசிரியர். மறுத்ததால் அடுப்பு அணையப்போவதில்லை. மறுத்தால் மாதச் சம்பளம் நிற்கும் ஆளுக்கு வீனரை முன்மாதிரியாகக் காட்டுவது கொஞ்சம் கொடுமை.

எனக்கு ஜோசப் ராட்பிளாட் அதிகம் உதவுகிறார். போலந்தில் பிறந்த அவர், ஹிட்லர் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் சேர்ந்தார். ஜெர்மனி அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்று 1944 இறுதியில் தெரிந்ததும் லாஸ் அலமோஸை விட்டு வெளியேறினார். சேர்ந்ததற்கான காரணம் போய்விட்டது, ஆகவே அவரும் போனார். அவர் தொடக்கத்தில் சேர்ந்ததை யாரும் தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. வந்த காரணம் இன்னும் நிற்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டார் என்பதுதான் விஷயம். 1995இல் அவருக்கும் பக்வாஷ் மாநாட்டுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கிளம்பும் நேரத்தில் அவரைச் சோவியத் உளவாளி என்று சந்தேகித்தார்கள். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்துக்கு அது பொருந்தும்.

ராட்பிளாட்டின் அளவுகோலைச் சாக்கைக்குப் பொருத்திப் பார்ப்போம். 2007இல் அங்கே வேலை பார்த்த ஒருவர், நாட்டின் காவலுக்குச் செய்கிறோம் என்று மனதாரச் சொல்லியிருக்கலாம். 2001 ஜூனில் முதலில் சோதிக்கப்பட்ட பிரமோஸ் அதுவரை போரில் ஏவப்படவில்லை. இருப்பதே போதும், எதிரி யோசிப்பான் என்பது கணக்கு. அதற்குப் பின் மூன்று மாற்றங்கள் வந்தன.

முதலாவது, 2022 மார்ச் 9. இந்திய விமானப்படையின் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, எல்லை தாண்டி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. யாரும் சாகவில்லை. அந்த ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசே அது பிரமோஸ் என்று ஒப்புக்கொண்டது. குற்றம் நடைமுறைப் பிழையில் இருந்தது, செய்தவர்களின் வேலையில் இல்லை. ஆயினும் இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே தவறுதலாக ஒன்று பறந்தது என்ற செய்தி, ‘நான் வெல்டிங் மட்டும்தான் செய்கிறேன், மீதி மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்கிறவரைத் தூங்கவிடக் கூடாது. மேலே இருப்பவர்களும் தவறுவார்கள்.

சின்னப் பாகம் செய்கிறவரின் சமாதானத்தில் உண்மையும் இருக்கிறது. ஆயிரம் பேர் கைபட்ட பொருளில் ஒருவரின் பங்கு ஆயிரத்தில் ஒன்று. அதைவிட முக்கியம், இந்தத் தொழிலில் வேலைச் சுத்தமே ஓர் அறம். டிராயிங்கில் போட்ட அளவு பிசகாமல் உறுப்பு வந்தால் ஏவுகணை குறித்த இடத்தில் விழும். பிசகினால் பக்கத்துத் தெருவில் விழும். இந்தப் பெருமை பொய்யல்ல. ஆனால் துல்லியமான ஆயுதம், எடுத்து அடிக்க நினைக்கிறவனின் தயக்கத்தையும் குறைத்துவிடுகிறது. குறி தப்பாது என்ற நம்பிக்கை இருந்தால் கை சீக்கிரம் பொத்தானுக்குப் போகும். துல்லியத்தின் நன்மையைச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

இரண்டாவது மாற்றம், 2025 மே. பாகிஸ்தானுடன் நடந்த நான்கு நாள் மோதலில் பிரமோஸ் ஏவுகணைகள் தங்கள் விமானத் தளங்களைத் தாக்கின என்று பாகிஸ்தான் பிரதமர் ஷெபாஸ் ஷெரீப்பே சொன்னார். இங்கே அது வெற்றிச் செய்தி ஆனது. மோதல் ஓய்ந்த மறுநாள் லக்னோவில் புதிய பிரமோஸ் ஆலை திறக்கப்பட்டது. இருந்தாலே போதும் என்ற பழைய ஆறுதல் அன்றோடு முடிந்தது. அந்தத் தாக்குதல் சரியா தவறா என்று இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றபின் அரசு என்ன செய்திருக்க வேண்டும் என்பது தனி வழக்கு. தாம் செய்தது எங்கோ போய் எரிந்தது என்பதைச் செய்தவர் இனி அறிவார் என்பதே இங்குச் சொல்ல வேண்டியது.

மூன்றாவது மாற்றத்தைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் ஏறத்தாழ 375 மில்லியன் டாலருக்குப் பிரமோஸ் வாங்க ஒப்பந்தம் போட்டது. 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. தென்சீனக் கடலில் தன் கரையைக் காக்கப் பார்க்கும் சின்ன நாடு அது. வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒருமுறை கடை திறந்துவிட்டால், அடுத்து வருகிறவர் யார் என்பதைச் சாக்கைத் தொழிலாளி தீர்மானிப்பதில்லை. நாட்டின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 2013-14இல் 686 கோடி ரூபாய். 2024-25இல் 23,622 கோடி. ஏறத்தாழ 80 நாடுகளுக்குப் போகிறது என்று அரசு பெருமையோடு சொல்கிறது. எந்தப் பொருள் எந்த நாட்டுக்கு என்று கேட்டால் முழுப் பட்டியல் கிடைக்காது. ஐ.நா.வில் 2013இல் ஆயுத வணிக ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. இன்றுவரை அதில் சேரவுமில்லை.

கூட்டாளி யார் என்பதும் இருக்கிறது. பிரமோஸின் மூலம் ரஷ்யாவின் ஓனிக்ஸ் ஏவுகணை. அதைச் செய்வது அதே என்பிஓ மஷினோஸ்த்ரோயேனியா. 2022க்குப் பிறகு ஒடேசா மீது ஓனிக்ஸ் ஏவுகணைகள் விழுந்திருக்கின்றன. சாக்கையில் செய்த எதுவும் உக்ரைனுக்குப் போகவில்லை, அது வேறு. ஆனால் 49.5 பங்கு வைத்திருப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்கக்கூடாத வேலை என்று ஒன்று உலகில் இருக்க முடியுமா? காவலுக்காகச் சேர்ந்தவர் வணிகத்தில் இருக்கிறார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

‘நாங்கள் செய்வது ஆளைக் கொல்லாத பொருள்’ என்ற சமாதானத்தைத் தமிழரிடம் யாரும் சொல்லாமல் இருப்பது நல்லது. ஈழப் போரின் கடைசி ஆண்டுகளில் இந்தியா இலங்கைக்குக் கொடுத்தவை பற்றி இந்தச் சொற்றொடரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டோம். ரேடார் சுடாது, உண்மைதான். புலிகளின் விமானங்களைக் கண்டுபிடிக்க அது உதவியது. 2008 செப்டம்பர் 9 அன்று வவுனியாப் படைத்தளம் தாக்கப்பட்டபோது, ரேடார் வேலைக்காக அங்கே இருந்த இந்தியத் தொழில்நுட்பர்கள் இருவர் காயமடைந்தார்கள். அதன்பிறகுதான் இந்தியர்கள் அந்தத் தளத்தில் இருந்தது வெளியே தெரிந்தது. பெங்களூரிலோ சென்னையிலோ அந்தக் கருவியின் சர்க்யூட்டைச் சோதித்த தமிழ்ப் பொறியாளர் ஒருவர் இருந்திருக்கலாம்; அதே மாலையில் அவர் ஈழத் தமிழருக்கான மனிதச் சங்கிலியில் நின்றிருக்கவும் கூடும். இரண்டையும் அவர் எப்படிச் சேர்த்துப் பார்த்திருப்பார்? பொருள் எதுவென்பதைவிட, யாரிடம் போகிறது, எந்தப் போரில் என்பதுதான் கணக்கு.

பக்கப் பயன் வாதத்தை நீளமாகப் பேச வேண்டியதில்லை. அக்னிக்காக உருவான எடை குறைந்த கூட்டுப்பொருளைக் கொண்டு, மூன்று கிலோ எடையில் குழந்தைகள் காலில் மாட்டியிருந்த ஊன்றுகருவியை 300 கிராமாகக் குறைத்ததைக் கலாம் தம் பெரும் மகிழ்ச்சிகளில் ஒன்றாகச் சொல்லிவந்தார். அழகான செயல், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கருவியை நேரடியாகவே செய்ய முனைந்திருக்கலாம். அதற்கு ஏவுகணை வழியாகச் சுற்றிவர அவசியமில்லை.

‘நான் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்வார்’ என்பது கடைசிப் புகலிடம். இதற்குப் பதில் கேரளத்திலேயே கிடைத்திருக்கிறது. கண்ணூர் மாவட்டத்தில் மரியான் அப்பாரல் என்ற தையல் நிறுவனம் இஸ்ரேல் காவல்துறைக்கு ஆண்டுக்கணக்கில் சீருடை தைத்துக் கொடுத்துவந்தது. 2023 அக்டோபரில், காசா மருத்துவமனை வெடிப்புக்குப் பின், கையில் இருந்த ஒப்பந்தத்தை முடித்துக் கொடுப்போம், அமைதி திரும்பும்வரை புதிய ஆர்டர் எடுக்க மாட்டோம் என்று அறிவித்தது. மாநிலத் தொழில் அமைச்சர் பி. ராஜீவ் அதை வெளியே சொன்னார். இஸ்ரேல் காவலர்கள் சட்டையில்லாமல் நிற்கவில்லை. வேறு யாரோ தைத்திருப்பார்கள். விளைவு என்ற தராசில் வைத்தால் கனம் குறைவு. தையல்கார அம்மாக்களைக் கேட்டு எடுத்த முடிவாகவும் அது தெரியவில்லை, முதலாளியின் முடிவு. அப்படியிருந்தும் ஒப்பந்தத்தை முறிக்காமல், அடுத்ததை மட்டும் மறுத்த அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. சொன்ன வாக்கும் போகவில்லை, மனசாட்சியும் போகவில்லை.

அதைவிடத் துணிச்சலான செயல் துறைமுகங்களில் நடந்தது. 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்கு ஆயுதம் ஏற்றிய சரக்கைக் கையாள மாட்டோம் என்று அறிவித்தது. 11 பெரிய துறைமுகங்களில் 3,500 பேர் அதன் உறுப்பினர்கள். தனி ஒருவர் மறுத்தால் அவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார் என்பது சரி. ஆனால் எல்லோரும் சேர்ந்து மறுத்தால் அந்த ‘இன்னொருவர்’ எங்கிருந்து வருவார்? திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருப்பவர்களுக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. 2018இல் கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு, அமெரிக்க ராணுவத்தின் மேவன் என்ற செயற்கை நுண்ணறிவுத் திட்ட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவிடாமல் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனம் ஆயுதத்துக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த மாட்டோம் என்ற தன் உறுதிமொழியை ஓசையில்லாமல் எடுத்துவிட்டது. ஒருமுறை மறுத்தால் போதும் என்ற நினைப்புக்கு இது பாடம்.

கவனியுங்கள்: மூட்டை தூக்குகிறவர்கள் பேசினார்கள். முனைவர் பட்டமும் ஓய்வூதியமும் உள்ளவர்கள் பேசவில்லை. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு பெங்களூரின் அமுல்ய ரெட்டி போன்று வெளிப்படையாக எதிர்த்த விஞ்ஞானிகள் சிலர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிலையங்களிலும் இருந்தவர்கள். திருவனந்தபுரத்தின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மத்திய அரசு ஊழியர் அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிக்கக் கூடாது என்று 1964 நடத்தை விதி சொல்கிறது. 1923இன் அலுவல் ரகசியச் சட்டம் வெள்ளைக்காரன் போன பின்னும் இருக்கிறது. 2021 மே மாதத் திருத்தத்துக்குப் பிறகு, டிஆர்டிஓ போன்ற நிறுவனங்களிலிருந்து ஓய்வுபெற்றவர்கூடத் தம் துறை பற்றி எழுத அனுமதி வாங்க வேண்டும். மீறினால் ஓய்வூதியத்தில் கை வைக்கலாம்.

சட்டத்தைவிடப் பெரியது நினைவு. 1994 நவம்பரில் இந்த ஊரில்தான் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் உளவாளி என்று கைது செய்யப்பட்டார். அவர் எந்தக் கொள்கையையும் எதிர்த்தவர் அல்லர். நாட்டுக்கு விகாஸ் இயந்திரத்தைத் தந்தவர். வழக்கில் ஒன்றுமில்லை என்று சிபிஐ 1996இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்னது; 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்ல 2018 ஆனது. விசுவாசமாக வேலை பார்த்தவருக்கே அந்த கதி என்றால், ‘இந்த ஏற்றுமதி எனக்கு உறுத்துகிறது’ என்று கேன்டீனில் வாய் திறக்கிறவருக்கு என்ன பெயர் வைப்பார்கள்? ராட்பிளாட்டுக்கு வைத்த பெயரைத்தான்.

பொறுப்பு எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவில் மூன்று கம்பெனிகளின் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஏவுகணையைத் தேர்ந்தெடுக்கிறவரும், ஐடிஐ முடித்து ஒப்பந்தக்காரர் வழியாக உள்ளே போகும் ஃபிட்டரும் ஒரே தராசில் நிற்க முடியாது. அறிவும் தெரிவும் எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவு. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என்று விரிந்தபின், நேற்று வரை பம்புக்கு உறுப்பு கடைந்த லேத் பட்டறைக்காரருக்கு, கையில் இருக்கும் டிராயிங் எதற்கானது என்றுகூடத் தெரிவதில்லை. அவரிடம் போய் அறம் பேசுவது வீண். அவருக்குத் தெரிய வைக்காமல் வேலை வாங்குகிறவரிடம் பேச வேண்டும்.

எங்கே போய்ப் பேசுவது? இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதி உரிமங்களை ரத்து செய்யக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; வெளியுறவுக் கொள்கையில் நீதிமன்றம் தலையிட முடியாது என்றது. அப்படியானால் இடம் நாடாளுமன்றம்தான். எந்த நாட்டுக்கு எந்த ஆயுதம் போகிறது என்று ஆண்டுதோறும் அங்கே பட்டியல் வைக்கச் சொல்வது தேசத் துரோகம் ஆகாது. பிரிட்டன், ஜெர்மனி போன்ற ஆயுத ஏற்றுமதி நாடுகள் அப்படி ஆண்டறிக்கை வெளியிடுகின்றன. அந்தப் பட்டியல் இல்லாமல் ராட்பிளாட் செய்த சோதனையை எந்தத் தொழிலாளியும் செய்து பார்க்க முடியாது.

இதற்கிடையே கேரளம் ஏவுகணைத் தொழிலை இன்னும் பெரிதாக்க இடம் தேடியது; காட்டாக்கடை பக்கத்து நெட்டுகால்தேரித் திறந்தவெளிச் சிறையின் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் புதிய விதி ஒன்றையும் எழுதலாம். சாக்கையில் ராக்கெட் வேலையும் இருக்கிறது, ஏவுகணை வேலையும் இருக்கிறது. ஏற்றுமதிக்கான ஏவுகணையில் கை வைக்க விருப்பமில்லை என்று எழுதிக் கொடுக்கிறவரை, சம்பளமும் பதவி உயர்வும் குறையாமல் இஸ்ரோ வேலைக்கு மாற்றிக்கொள்ள நிர்வாகத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. எத்தனை பேர் எழுதிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். போனஸுக்கும் நிரந்தரப் பணிக்கும் கொடி பிடிக்கும் தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் இந்த ஒரு பிரிவையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.